நிறைவுக்கால உபகுழுத் தலைவியின் பல்வலி

இப்போதெல்லாம் ஓர் அலுவலகத்துக்கு வாடகை, மின்சாரம் போல ஒரு விழிப்புணர்வும் வேண்டியிருக்கிறது. பக்கத்து மாடியில் ஒன்று இருந்தால் நம் மாடியில் இல்லாமல் எப்படி? சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுப் பின்சந்தில் இருக்கும் நல்வாழ்வுக் கழகத்துக்கு மாதவிடாய் நிறுத்தம் பற்றிய விழிப்புணர்வு வாய்த்தது. அதற்கு 'நிறைவுக்காலம்' என்று மங்களகரமாகப் பெயர் சூட்டி ஓர் உபகுழு, உபகுழுவுக்கு ஊதா ரிப்பன், ஊதாத் துணிப்பை, ஊதா மெத்தை போட்ட ஓய்வறை. தலைவி, துணை மேலாளர் பாக்கியலட்சுமி. வயது நாற்பத்தொன்பது.

"வெட்கம் எதற்கு சகோதரிகளே? மனம்விட்டுப் பேசுங்கள்!" என்று மேடையில் முழங்குவாள். கைதட்டல் பிரமாதமாக இருக்கும். ஓய்வறைப் பக்கம் இன்றுவரை ஒருத்தியும் தலைவைத்துப் படுத்ததில்லை. 'நம் கழகப் பெண்களுக்கு யாதொரு குறையும் இல்லை என்பது இதனால் தெளிவாகிறது' என்று ஆண்டறிக்கையில் எழுதிய மகராசியும் அவளேதான்.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை கழிப்பறையில் பகீரென்றது. உடம்பு கொதிக்கிறது, தூக்கம் வரவில்லை என்று போனவள், டாக்டர் சொல்லித் தோலில் ஹார்மோன் பேட்ச் ஒட்ட ஆரம்பித்திருந்தாள். ஓரிரு மாதம் சுகமாகத்தான் போனது. இப்போது சொல்லாமல் கொள்ளாமல் துளித்துளியாக ரத்தக்கறை. நின்றுவிடும் என்று பார்த்தாள். அடுத்த வாரமும் வந்தது. கைப்பேசியில் தேடினால், 'பெரும்பாலும் சாதாரணம்' என்றது முதல் வரி. 'அரிதாகப் புற்றுநோயாகவும் இருக்கலாம்' என்றது இரண்டாம் வரி. அவள் இரண்டாவதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டாள். பாவம், நிஜமாகவே பயந்துவிட்டாள். டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும்.

விடுப்பு கேட்க மனிதவளப் பிரிவு அனுப்ரியாவிடம் போனாள்.

"அனு, என் ஃப்ரெண்ட் ஒருத்தி... பேட்ச் ஒட்டுறா. திடீர்னு ஸ்பாட்டிங். நம்ம ரூல்படி அவளுக்கு லீவு உண்டா?"

"பீரியட் நின்னு ஒரு வருஷம் ஆச்சாக்கா?"

"இல்ல. வருது, போகுது."

"அப்ப நிறைவுக்கால விடுப்பு கிடையாது லா. இன்னும் நிறையலையே."

"சரி, பீரியட் லீவு?"

"அது நாற்பத்தஞ்சு வயசோட முடிஞ்சிடும்."

"நடுவுல இருக்கிறவ என்னதான் செய்வா?"

"நடுவுன்னு ஒன்னு நம்ம விதியில இல்லக்கா. எந்தப் புண்ணியவதி எழுதினாங்களோ!"

எழுதிய புண்ணியவதி தன் ஊதா ரிப்பனைச் சரிசெய்துகொண்டாள்.

"உபகுழுத் தலைவி ஸ்பெஷல் பெர்மிஷன் குடுக்கலாம். அதாவது நீங்க. ஆனா உங்க ஃப்ரெண்ட் யதீசன் சார் முன்னால நேர்ல வந்து விளக்கணும்."

கழகத் தலைவர் யதீசன் நல்ல மனிதர். ஆனால் உபகுழுவின் பெயரைக்கூட வாயால் சொல்லமாட்டார். 'அந்த ஊதாக் குழு' என்பார். அவர் முன்னால் உட்கார்ந்து ரத்தக்கறையின் நிறத்தை எடுத்துரைப்பதா? ஐயையோ!

"அனு, எனக்குப் பல்வலி," என்றாள் பாக்கியலட்சுமி.

"அச்சச்சோ, உடனே கிளம்புங்கக்கா! பல்வலிக்கு யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க."

தெரிந்த முகம் எதிர்ப்படக் கூடாதென்று, காத்தோங்கில் வீடு இருப்பவள் தீவின் மறுகோடிக்கு, பூன் லே பக்கம் ஒரு மகளிர் கிளினிக்குக்கு ரயிலேறிப் போனாள். கதவைத் திறந்தால் முதல் நாற்காலியில் கணக்குப் பிரிவு கதீஜா. அடுத்ததில் வரவேற்பு மேசை மதுரா.

"நீங்க ரெண்டு பேரும் பல்வலின்னுதானே லீவு எடுத்தீங்க?" என்று கேட்டாள், தலைவிக் குரலில்.

"ஆமா. நீ?" என்றாள் கதீஜா.

"பல்வலி."

சுவரில் மாட்டியிருந்த கர்ப்பப்பைப் படத்தை மூவரும் மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். "பயப்பட ஒன்னுமில்ல. பேட்ச் ஆரம்பிச்ச புதுசுல இது நிறைய பேருக்கு வரும். டோஸ் மாத்தித் தரேன். ஆனா இப்படி வந்தா உடனே வந்து சொல்லணும். இதுல என்ன வெட்கம்?"

"அதையேதான் டாக்டர் நானும் மேடையில சொல்றேன்," என்ற பாக்கியலட்சுமிக்கு அழுகையே வந்துவிட்டது. போன உயிர் திரும்பி வந்திருந்தது.

திரும்பிவந்த உயிரோடு அலுவலகம் போனால், அங்கே யதீசன் கவலையே உருவாக நின்றார். "நம்ம லேடீஸுக்குப் பல் இவ்வளவு மோசமா? வாராவாரம் யாருக்காவது பல்வலி! இத இப்படியே விடக்கூடாது."

விடவில்லை. பல்நல விழிப்புணர்வு முகாம் பிறந்தது. வெள்ளை ரிப்பன். வாசலில் பல் மருத்துவ வண்டி. அனுபவசாலி என்ற தகுதியில் தலைமை பாக்கியலட்சுமிக்கே. முதல் ஆளாக நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள்தான்.

பல் டாக்டர் விளக்கைப் பிடித்து வாய் முழுக்கத் துழாவினார். "ஒரு சொத்தைகூட இல்லையேம்மா! எந்தப் பல் வலிச்சுது?"

யதீசனின் புருவம் உயர்ந்தது. வரிசையில் கதீஜா, மதுரா, பின்னால் பல்வலி விடுப்பு எடுத்த இன்னும் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். உள்ளதை ஒரு வரியில் சொல்லிவிட்டு இறங்கி வந்திருக்கலாம்.

பாக்கியலட்சுமி கடைசி ஞானப்பல்லைத் தொட்டுக் காட்டினாள். "இதுதான் டாக்டர். உள்ளுக்குள்ள வலிக்குது. பிடுங்கிடுங்க."

"பாத்தீங்களா?" என்று யதீசன் நெகிழ்ந்துபோனார். "நம்ம கழகத்துல எதையும் தைரியமா வெளிய சொல்லலாம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டிக்கொண்டே, வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு பல்லை நாக்கால் தேட ஆரம்பித்தார்கள்.