பங்களாத் தோட்டத்தில் என் ரிசப்ஷன்

கல்யாணப் பெண் மேடையில் தலை குனிந்திருக்க வேண்டும் என்பார்கள். நான் மேடையோடு சேர்ந்து குனிந்தவள். அதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. முழுக்க என் பிடிவாதம்.

சிதம்பரத்துக்கு வெளியே, அம்மாவின் முன்னோர் ஜமீனாக இருந்தபோது கட்டிய பங்களா அது. ஜமீன் போனதும் அரசாங்க ஆபீஸ் வாடகைக்கு வந்தது. அப்புறம் நெல் குடோன். கடைசியில் தோட்டம் முழுக்கக் கருவேல முள். (ரோஜாப் பாத்தியில் ஆடுகள் மேய்ந்தன. எங்கள் ஜமீனின் கடைசிக் குடிகள் அவைதான்.)

மாமாவுக்கு, அதாவது அம்மாவின் அண்ணனுக்கு, அதை இடித்து மனை போட்டு விற்க ஆசை. அம்மாவும் கையெழுத்துப் போட்டால் கதை முடிந்தது. நான் விடவில்லை.

"கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாம் மாமா. மொதல்ல என் ரிசப்ஷனையே இங்க வெச்சுக் காட்டறேன்."

"ஐப்பசி மாசம், தோட்டத்துலயா? கடலூர் மஞ்சக்குப்பத்துல மண்டபம் பாத்து வெச்சிருக்கேன்டி! சரி, நல்லா நடந்தா விக்கல. சொதப்புனா உங்கம்மா கையெழுத்து போடணும்."

"போடுவாங்க," என்றேன், அம்மாவைக் கேட்காமலே.

முள்ளை வெட்டி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். இரண்டு நாள் விடாமல் மழை. கல்யாணத்தன்று மட்டும் வெயில் அடித்தது. (வானமே எனக்குப் பயந்துவிட்டதாக நினைத்தேன்.) காலையில் கோயிலில் தாலி கட்டியாயிற்று. சாயங்காலம் கடலூரிலிருந்து இரண்டு பஸ்ஸில் வந்த மாப்பிள்ளை வீட்டார் போட்டோவுக்காக மொத்தமாக மேடை ஏறினார்கள். மேடை லேசாகச் சாய்ந்தது. போட்டோகிராபர் கேமராவையும் அதற்கேற்பச் சாய்த்துக்கொண்டார். அப்புறம் 'பொளக்' என்று ஒரு சத்தம். சோபா சறுக்கி, நானும் என் வீட்டுக்காரரும் முழங்கால் சேற்றில் நின்றோம்.

"இங்க அல்லிக்குளம் இருந்துச்சே," என்றார் மாமா நிதானமாக. "ஆபீஸ்காரங்க ஜீப் நிறுத்த மண்ணடிச்சு மூடிட்டாங்க."

"முன்னாடியே சொல்லக்கூடாதா மாமா?"

"நீ எங்கடி கேட்ட?"

கூட்டம் சிரித்தது. மாமா அம்மாவைப் பார்த்த பார்வையில் பத்திரமே தெரிந்தது. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. கச்சேரிக்காரரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினேன்.

"மேடைதான் இறங்குச்சு, பங்களா இறங்கல! யாரும் சாப்பிடாம போவக் கூடாது. மிச்ச போட்டோவ இங்கயே எடுக்கலாம். செருப்பக் கழட்டிட்டு வாங்க!"

யாரும் அசையவில்லை. பிறகு என் மாமியார் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். "தள்ளி நில்லும்மா, எனக்கும் எடம் விடு." அவருக்குப் பின்னால் வரிசையே வந்தது.

அந்த போட்டோ போன் போனாகச் சுற்றியது. அடுத்த மாதமே பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம், "சேத்துல ரிசப்ஷன் நடந்த வூடு இதானே?" என்று கேட்டு வந்து, மகள் நிக்காஹ்வுக்குத் தோட்டத்தைப் பேசி முடித்தது. நிக்காஹ் நாளுக்குள் மண்ணைத் தோண்டிக் குளத்தை மீட்டோம். ஒரு படிகூட உடைந்திருக்கவில்லை. இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் சுற்றிக் காட்டுவது மாமாதான். "எங்க பொண்ணு நேரா உள்ள எறங்கிக் கண்டுபுடிச்சா" என்று பெருமை வேறு. அன்று நடந்தது வெற்றியா சொதப்பலா என்று அவருக்கும் எனக்கும் இன்னும் சண்டை தீரவில்லை. அம்மா கையெழுத்துப் போடவில்லை, அது போதும்.

வீட்டில் நான் எதற்காவது அடம் பிடித்தால் என் வீட்டுக்காரர் எதிர்த்துப் பேசுவதே இல்லை. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்கிறார். "எவ்ளோ ஆழம்னு மட்டும் சொல்லு."