டுர்ர் மாமா

வேல்பாண்டி மூன்றாவது முறையாக ஆக்சிலேட்டரை மிதித்தார். முள் எழுந்தது. ஆயிரம், இரண்டாயிரம், மூவாயிரம். நாலாயிரத்தில் போய் நின்றுகொண்டு, இதற்கு மேல் ஏறமாட்டேன் என்று நடுங்கியது. மீட்டரில் ஒன்பதாயிரம் வரைக்கும் எண் போட்டிருந்தது.

"நல்லா மிதிச்சீகளாண்ணே?" என்றான் மெக்கானிக் கர்ணன், வெளியே குனிந்து நின்று.

"இதுக்கு மேல மிதிச்சா கால் மண்ணுல படும்டா."

மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். அந்த இரண்டு பேரும் மெலிந்தவர்களாக இருக்க வேண்டும். கோயம்புத்தூரில் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிற ஒருவரிடமிருந்து வந்தது. கொண்டுவந்த டிரைவர் ஞாயிறு மாலை வருவதாகச் சொல்லி, சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டான். இப்போது அது ஜெயமங்கலத்தில், வாழைத்தார் ஏற்றும் இடத்தில் நின்று முனகிக்கொண்டிருந்தது.

வாசற்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த மனைவி சங்கிலியம்மாள் தலை நிமிராமல் சொன்னாள்: "நம்ம மிக்ஸி இதவிடச் சத்தமா ஓடும். எடுத்துட்டு வரவா?"

"நீ உள்ள போ."

"உள்ள போனா இந்தச் சத்தமும் கேக்காதே."

ஞாயிற்றுக்கிழமை வடுகபட்டியில் தங்கை பவானியின் மகளுக்குக் காது குத்து. பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்துவது தாய்மாமன் உரிமை. தாய்மாமன்கள் இரண்டு பேர் என்றால் மூத்தவர் மடி. வேல்பாண்டிக்கு அதில் ஒரு சந்தேகமும் இருந்ததில்லை, போன தை மாதம் வரை.

தையில்தான், கொச்சியில் வேலை பார்க்கும் தம்பி சுரேஷ்கண்ணன் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். அண்ணனிடம் காட்ட வருவதாகப் போன் செய்தான். அவன் வருகிற நாளாகப் பார்த்து வேல்பாண்டி மனைவியைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் பழனிக்குப் போய்விட்டார். வேண்டுதல் என்றார். சன்னிதியில் கண்ணை மூடி அவர் முணுமுணுத்ததில் 'டயர்' என்ற ஒரு சொல் மட்டும் சங்கிலியம்மாள் காதில் விழுந்தது.

திரும்பி வந்தபோது கார் போயிருந்தது, வீடியோ வந்திருந்தது. வடுகபட்டி ஸ்டுடியோ விஜய்ராஜ் எடுத்தது. வேல்பாண்டி வீட்டு வாசலிலேயே சிவப்புக் கார் நிற்கிறது. உள்ளே உட்கார்ந்து சுரேஷ்கண்ணன் கையைக் காட்டுகிறான். பிறகு ஓர் உறுமல். நின்ற இடத்திலேயே, பிடித்திருக்கும் போன் அதிர்கிற மாதிரி ஓர் உறுமல்.

வேல்பாண்டி அதை வெறுத்தார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போட்டுப் பார்த்து வெறுத்தார். ஒவ்வொரு தடவையும், கொல்லையில் படுத்திருக்கிற நாய் ஜிம்மி துள்ளி எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு வாசல் கேட்டுக்கு ஓடியது.

"என் சோத்தத் தின்னுட்டு அவன் காருக்கு வாலாட்டுறியா?" என்று ஒரு நாள் அதற்குச் சோறு வைக்காமல்கூட இருந்து பார்த்தார். ஜிம்மி திருந்தவில்லை.

தங்கை மகள் ஜிம்மியைவிட மோசம். மூன்று வயது. அந்த வீடியோவைப் போட்டால்தான் வாயைத் திறந்து ஒரு வாய் சோறு வாங்குவாள். சுரேஷ்கண்ணனுக்கு 'டுர்ர் மாமா' என்று பெயர் வைத்துவிட்டாள். வேல்பாண்டிக்கு அவள் பெயர் எதுவும் வைக்கவில்லை.

போன வாரம் பவானி போன் செய்தாள்.

"அண்ணே, ஒண்ணும் மனசுல வச்சுக்கிறாத. பாப்பா டுர்ர் மாமா மடியிலதேன் உக்காருவேன்னு அடம் பிடிக்கிறா. புள்ள அழுகாம இருக்கணும்ல. அன்னிக்கு எந்த மாமா டுர்ர்னு வர்றாகளோ அவுக மடியிலயே வச்சுக்கிருவோம்னு இவுகளும் சொன்னாக."

"நானும் டுர்ர்னு வருவேன்" என்று சொல்லிப் போனை வைத்தார் வேல்பாண்டி. அப்படித்தான் மஞ்சள் கார் வந்தது. வந்து நாலாயிரத்தில் நின்றது.

கர்ணன் கோயம்புத்தூருக்குப் போன் போட்டுப் பேசினான். பேசி முடித்தபோது அவன் முகத்தில் துக்கச் சேதி சொல்லப் போகிறவனின் அடக்கம் இருந்தது.

"ரிப்பேர் இல்லையாம்ணே. கம்பெனியிலயே அப்படித்தேன் வச்சிருக்கானாம். வண்டி நிக்கிறப்ப எவ்வளவு மிதிச்சாலும் கம்ப்யூட்டர் நாலாயிரத்துக்கு மேல விடாதாம். ஓடுனாத்தேன் முழுச் சத்தம் வருமாம்."

"ஏன்?"

"நின்னுக்கிட்டு எதுக்கு உறுமணும்னு நெனச்சிருப்பான்."

"மண்டப வாசல்ல நின்னுதானடா உறுமணும். ஓடிக்கிட்டே உறுமுனா மண்டபத்தத் தாண்டிப் போயிர மாட்டேனா? சரி, என் தம்பி காரு மட்டும் எப்படி நின்ன எடத்துல கத்துது?"

கர்ணன் தாடையைச் சொறிந்தான். "அவுக காரு இதவிட ஒசத்தியா இருக்கும்ணே."

அந்த 'ஒசத்தி' வேல்பாண்டியின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்று மத்தியானம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கை கழுவும்போது ஒரு யோசனை வந்தது.

"கர்ணா, ஓடுனாத்தேன கத்தும்? ஓடுறோம்னு அத நம்ப வச்சிட்டா?"

காரின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் ஹாலோபிளாக் கல்லை அடுக்கினார்கள். பின் சக்கரங்கள் அந்தரத்தில் நின்றன. வேல்பாண்டி உள்ளே இறங்கி, கியரைப் போட்டு மிதித்தார். சக்கரம் சுற்றியது. சத்தம் எழுந்து, உடனே முன்னைவிடக் கீழே போய் அடங்கியது. மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது.

கர்ணன் எட்டிப் பார்த்தான். "முன் சக்கரம் நிக்குது, பின் சக்கரம் மட்டும் சுத்துதுல்ல. சேத்துல வழுக்குதுன்னு நெனச்சு அதுவா அமுக்குதுண்ணே."

"அதுக்கு இருக்கிற அறிவ..." என்று ஆரம்பித்த சங்கிலியம்மாள், கணவர் பார்த்த பார்வையில் பூண்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வழுக்கலைக் கவனிக்கிற கம்ப்யூட்டரைத் தூங்கவைக்க ஒரு பட்டன் இருப்பதைக் கர்ணன் கண்டுபிடித்தான். ஐந்து விநாடி அமுக்கினால் போதும். அமுக்கினார்கள். வேல்பாண்டி மிதித்தார்.

கார் உறுமியது. ஐயாயிரம், ஆறாயிரம், ஏழாயிரம். வாழை இலையெல்லாம் நடுங்கியது. கொல்லையில் தூங்கிய ஜிம்மி மட்டும் தலையைக்கூடத் தூக்கவில்லை. அதைக் கவனிக்க யாருக்கும் நேரம் இல்லை. மூன்று விநாடி வேல்பாண்டி டுர்ர் மாமாவாக இருந்தார்.

நாலாவது விநாடியில் ஹாலோபிளாக் நொறுங்கியது.

சக்கரம் மண்ணைத் தொட்டதுதான் தெரியும். மஞ்சள் கார், காயப்போட்டிருந்த கூழ்வடகத்தின் மேல் ஏறி, கொடியில் தொங்கிய சேலையை அள்ளிக்கொண்டு, வாழைத்தோட்டத்துக்குள் புகுந்து, இரண்டாவது வரிசையில் வாய்க்காலுக்குள் மூக்கை வைத்து நின்றது.

சங்கிலியம்மாள் நிதானமாக எழுந்து வந்தாள். கண்ணாடியை மூடியிருந்த சேலையை விலக்கி உள்ளே பார்த்தாள்.

"அடி ஏதும் படலையே?"

"இல்ல."

"அப்பச் சரி. இது பவானிக்குன்னு எடுத்து வச்ச சேலை. நீங்களே கட்டிக்கிருங்க."

ஜீப்பைக் கொண்டுவந்து கயிறு கட்டித்தான் காரை வெளியே இழுத்தார்கள். அந்த ஜீப் வேல்பாண்டியின் அப்பா நல்லகண்ணு, மேகமலை எஸ்டேட் ஒன்றில் பழையதாக வாங்கியது. பெட்ரோல் வண்டி. சைலன்சரில் ஒரு ரூபாய் நாணயம் போகிற அளவுக்கு ஓட்டை. அது அப்பா காலத்திலேயே விழுந்தது. அப்பா போய் ஆறு வருடமாகியும் வேல்பாண்டி அதை அடைக்கவில்லை. கேட்டால் நேரமில்லை என்பார். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச நேரமிருந்தது, சீட்டாட நேரமிருந்தது; அந்த ஓட்டைக்கு மட்டும் நேரமில்லை.

மேலே ஏறிய காரை ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள். இப்போது ஒரு சிவப்பு விளக்கு. முள் இரண்டாயிரத்தோடு நின்றது.

"தன்னையே காப்பாத்திக்கிற நெலைக்குப் போயிருச்சாம்ணே" என்றான் கர்ணன், போனைக் காதிலிருந்து எடுத்து. "கோயம்புத்தூருக்குக் கொண்டுபோயி அவுக கம்ப்யூட்டர்ல மாட்டுனாத்தேன் பழையபடி ஆகுமாம்."

"அப்ப நாலாயிரமாச்சும் இருந்துச்சேடா."

"இருந்துச்சுண்ணே."

இருவரும் கொஞ்ச நேரம் அந்த நாலாயிரத்தை நினைத்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் ஜீப் அணைக்கப்படாமல் முழங்கிக்கொண்டிருந்தது. வேல்பாண்டிக்கு ஒன்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை சீர்த்தட்டுகளை ஏற்றிக்கொண்டு இந்த ஜீப்தானே காருக்குப் பின்னால் வரப்போகிறது?

"இது இந்தக் கத்துக் கத்துனா, கார் சத்தம் எவன் காதுல விழும்?"

"விழுகாதுண்ணே."

"காரக் கத்த வைக்க முடியல. இதோட வாயையாச்சும் அடைடா."

மறுநாள் கர்ணன் ஜீப்புக்குப் புது சைலன்சர் போட்டான். வேல்பாண்டி அதை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஜிம்மி எழவில்லை. அடுப்படி வாசலில் அவரைப் பார்த்த சங்கிலியம்மாள் திடுக்கிட்டாள்.

"எப்ப வந்தீக? சத்தமே இல்ல."

"புது சைலன்சர். ஆறு வருசமாச் சொல்லிக்கிட்டே இருந்தீல்ல."

"சொன்னேன்தேன்." அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். "ஆனா அந்தச் சத்தம் கேட்டா, உங்கப்பாரு வர்ற மாதிரியே இருக்கும். இனிமே இருக்காது, என்ன?"

வேல்பாண்டி குளிக்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வடுகபட்டி மண்டபத்துக்குக் கொட்டு மேளத்தோடு சீர் கிளம்பியது. முன்னால் மஞ்சள் கார், பின்னால் கர்ணன் ஓட்ட ஜீப். மேளக்காரர்களின் நடைக்கு இரண்டாயிரம் போதுமாக இருந்தது. மண்டப வாசலில் இருந்த சின்ன மேடு வந்ததும் போதவில்லை. கார் பாதி ஏறி, யோசித்து, பின்னால் வந்தது. வேறு வழியில்லாமல் ஜீப் முன்னால் போய்க் கயிற்றைக் கட்டி இழுத்தது.

கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்: "என்ன மாமா, காருக்கும் காது குத்தா? இழுத்துட்டு வர்றீக?"

வேல்பாண்டி யார் என்று பார்க்கவில்லை. அவர் கண் சிவப்புக் காரைத் தேடியது. காணோம். சுரேஷ்கண்ணன் பஸ் நிறுத்தத்தின் பக்கமிருந்து தோளில் ஒரு பையோடு நடந்து வந்தான்.

"காரு எங்கடா?"

"கொச்சியிலயே விட்டுட்டேண்ணே. இங்கன ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர்லயும் வயிறு தட்டுது." அவன் அண்ணனின் மஞ்சள் காரை ஒரு தடவை பார்த்தான், அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஜீப்பு வந்திருக்குல்ல? அது போதும்."

வேல்பாண்டிக்குக் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும்தான். தம்பியிடம் கார் இல்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டி, காருக்குள் போய் உட்கார்ந்து, கதவைத் திறந்தே வைத்துக்கொண்டார்.

பவானி மகளைத் தூக்கி வந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம், பட்டுப் பாவாடை. பிள்ளை மஞ்சள் காரைப் பார்த்தாள். பார்த்து விரலை நீட்டினாள்.

"டுர்ர் சொல்லு."

வேல்பாண்டி மிதித்தார். காருக்குள்ளிருந்து கிரைண்டர் பக்கத்து வீட்டில் ஓடுவது போல ஒரு சத்தம் வந்தது. பிள்ளை காத்திருந்தாள். இன்னும் வரும் என்று நம்பினாள். வரவில்லை. உதடு பிதுங்கியது.

சுரேஷ்கண்ணன் கையை நீட்டினான். "பாப்பா, நான் வந்துட்டேன் பாரு. வா."

"நீ டுர்ர் இல்ல" என்றாள் பிள்ளை, அழுகையை ஆரம்பித்து.

அந்த அழுகையில் மேளம் நின்றது. வேல்பாண்டி மடியில் வைத்தார்கள், உதைத்தாள். சுரேஷ்கண்ணன் மடியில் வைத்தார்கள், கடித்தாள். ஊசியோடு உட்கார்ந்திருந்த ஆசாரி கடிகாரத்தைப் பார்த்தார். "ஏதாச்சும் ஒரு மடியச் சொல்லுங்கப்பா. நல்ல நேரம் போகப்போகுது."

சுரேஷ்கண்ணன் அண்ணனின் காதருகே வந்தான்.

"அண்ணே, அந்த ஜீப்ப ஒரு தடவ முறுக்கு. நல்லா முறுக்கு."

வேல்பாண்டிக்குப் புரிந்துவிட்டது. கூட்டத்தின் நடுவில் ஓட்டை ஜீப்பைக் கத்தவைத்துச் சிரிக்கப் பார்க்கிறான். இந்த ஒரு விஷயத்திலாவது தான் முந்திக்கொண்டதை நினைத்தபோது அவருக்கு உடம்பே குளிர்ந்தது.

"முறுக்குறேன், கேளு."

ஜீப்பில் ஏறினார். சாவியைத் திருப்பி, தரையோடு மிதித்தார். ஜீப் ஒரு நல்ல மேசை விசிறியைப் போல, மென்மையாக ஓடியது. பிள்ளையின் அழுகை அதைவிடத் தெளிவாகக் கேட்டது.

"எப்படி?" என்றார் வேல்பாண்டி, ஸ்டியரிங்கைத் தட்டி. "அப்பா காலத்து ஓட்டைய அடைச்சிட்டேன்ல. எவனாச்சும் இப்பச் சிரிங்கடா பாப்போம்."

யாரும் சிரிக்கவில்லை. சுரேஷ்கண்ணன் ஜீப்பையே பார்த்தபடி, பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தான். அவன் முகம் எதையோ தொலைத்த முகமாக இருந்தது.

இதையெல்லாம் படமெடுத்துக்கொண்டிருந்த ஸ்டுடியோ விஜய்ராஜ் கேமராவைக் கீழே இறக்கினான்.

"கெடுத்தீகளேண்ணே. நின்ன எடத்துல அவுக காரும் நாலாயிரத்துக்கு மேல போகலைன்னு, நீங்க பழனிக்குப் போயிருந்த அன்னிக்கு இந்த ஜீப்பு சத்தத்தப் பிடிச்சுத்தேன் அந்த வீடியோவுல ஒட்டுனோம்."