நீலம் கலந்ததற்கு விளக்கமும், தங்கையைத் திருப்பி அனுப்பக் கோரிக்கையும்

மதிப்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் ஒரே தங்கையைக் கட்டிய ஒரே மாப்பிள்ளை எழுதிக்கொள்வது. நான் சௌக்கியம், வீடுதான் சௌக்கியமில்லாமல் இருந்தது. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும், பதினோரு நாளாய் உங்கள் வீட்டில் முகாம் போட்டிருக்கும் என் பெண்டாட்டியும் நலமாகவே இருப்பீர்கள். போனில் என் குரல் கேட்டதும் நீங்கள் டக்கென்று வைத்துவிடுவதால் கடிதம் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மிச்சம் அதிலேயே இருக்கும் பாருங்கள்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நான் சுவரை நக்கியது நிஜம். உங்க தங்கச்சி அங்கே வந்து சொன்ன மற்றதெல்லாம் கண்ணு காது மூக்கு வச்ச கதை, இது மட்டும் நிஜம். பின் ரூம்ல தரைக்கு மேல ஒரு முழத்துக்குச் சுவர் ஓதம் ஏறி ஊறிப்போய் நிக்குது, அஸ்திவாரத்துக்குள்ள எங்கேயோ தண்ணி கசியுது, எந்தத் தண்ணின்னு தெரியலை. போர் தண்ணி உப்பு, குழாய்த் தண்ணி சப்பு, நாக்கால தொட்டா தெரிஞ்சுடுமேன்னு யோசிச்சேன். சுண்ணாம்புதான் தெரிஞ்சது. ரெண்டு நாள் நாக்கு வெந்து வாயைத் திறக்க முடியலை. "வலிக்குதா"ன்னு கேட்க வேண்டியவ, "வீடு இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு"ன்னு சொன்னா. இதை உங்ககிட்ட சொன்னாளா? சொல்லியிருக்க மாட்டா.

இந்தச் சண்டையோட ஆரம்பமே வேற, மச்சான். சுவர் ஈரமானதும் அவ, "பைப் உடைஞ்சிருக்கு, தோண்டிப் பாருங்க"ன்னா. நான், "வெளிப்பக்கம் பூந்தொட்டி வச்சு நீ ஊத்துற தண்ணிதான் இறங்குது"ன்னேன். வீட்டுத் தலைவன்னு ஒருத்தன் இருந்தா ஒரு கருத்து இருக்கக் கூடாதா? உடனே ரோஷம் வந்து ஒரு மாசம் தொட்டிக்குச் சொட்டுத் தண்ணி ஊத்தலை. அப்புறம் என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்க் காட்டி, "செடி செத்துடுச்சு, சுவர் செழிக்குது, இப்ப என்ன சொல்றீங்க"ன்னா. நான் கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் சுவரை ரெண்டு தட்டு தட்டி, "பூமி ஈரம் சார், மேல இழுக்குது"ன்னு சொல்லி, தண்ணி புகாத பவுடர் கலந்து கெட்டியா பூசிட்டுப் போனார். அந்த மூலை காய்ஞ்சது. எதிர் மூலை ஊற ஆரம்பிச்சது. கேட்டா, "அந்த மூலை காய்ஞ்சதா இல்லையா?"ங்கறார் மனுஷன், தலைவலியைக் கால்வலியா மாத்தின வைத்தியர் மாதிரி!

அதுக்கப்புறம்தான் நீலம். நீங்க ஊர் பூரா சொல்லிச் சிரிக்கிற அந்த நீலம். வெள்ளைத் துணிக்குப் போடுவோமே, அதுதான். மேல் டேங்க்ல நீலத்தைக் கலந்து விட்டா, சுவர் நீலமானா நம்ம பைப், ஆகலைன்னா பூமி ஈரம். படிச்ச எஞ்சினியருக்குக் கூட வராத யோசனை. எவ்வளவு கலக்கணும்னு யாரைக் கேட்கிறது? நாலு பாட்டில் ஊத்தினேன். தண்ணியைத் தொடாதேன்னு முன்கூட்டியே சொல்லலைங்கறதுதானே உங்க புகார்? சொன்னா அவ பாட்டுக்கு என்னைத் தடுத்திருப்பா, பரீட்சை எப்படி நடக்கும்? அவ தலைக்குக் குளிப்பான்னு எனக்கு ஜோசியமா தெரியும்? குளிச்சு வந்து கண்ணாடியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, பையை எடுத்தா. நரைச்ச முடி மட்டும்தான் நீலம் பிடிச்சது, மச்சான்! அவ்வளவு நரை இருக்குன்னு ஊருக்குத் தெரிஞ்சுபோச்சேங்கற கோபம்தான் அது, நீலத்து மேல இருக்கிற கோபம் இல்லை.

நீங்களாவது பெரிய மனுஷனா நடந்துக்கிட்டீங்களா? "மாப்ளே, சுவருக்கு வைத்தியம் பார்க்கச் சொன்னா என் தங்கச்சிக்குச் சாயம் போட்டு அனுப்பியிருக்கீங்களே"ன்னு முதல் நாள் போன்ல கேட்டீங்க, பின்னாடி அக்கா சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. "சுவர் காயாம அவ படியேற மாட்டா"ன்னு வேற சொன்னீங்க. நான் தனியாப் பொங்கித் தின்னு, தின்னதை நினைச்சு வருத்தப்பட்டுக்கிட்டு இருக்கேன், உங்களுக்குச் சிரிப்பு! மூணாம் நாள் சுவர் நீலமாச்சு. ஆமா, அவ சொன்னதுதான் சரி. இந்த வரியைச் சத்தமா படிச்சுக் காட்டுங்க. அடுத்த பத்தியைப் படிக்காதீங்க.

பிளம்பர் வந்தார். தரையை உடைச்சு, இடுப்பளவு குழி தோண்டி, உள்ளே இறங்கினவர் அஸ்திவாரத்து ஓரத்துலேர்ந்து கறுப்பா ஒண்ணை உருவி எடுத்துத் தூக்கிப் பிடிச்சார். சைக்கிள் டியூப். பைப் ஜாயிண்ட்டைச் சுத்திக் கட்டியிருந்தது. "இதைக் கட்டின புண்ணியவான் யாருங்க?"ன்னார். பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி வீடு கட்டுறப்போ, பைப் வேலைக்காரர் ரெண்டு நாள் வராம, கொத்தனார் மண்ணை மூடணும்னு அவசரப்படுத்த, இப்போதைக்கு இருக்கட்டும்னு நான்தான் கட்டினேன். அதைச் சொல்ல முடியுமா? "முன்னாடி வேலை பார்த்த பிளம்பர்தான், சுத்த மோசம்"னேன். குழிக்குள்ளேர்ந்து என்னை நிமிர்ந்து பார்த்து, "முன்னாடி வேலை பார்த்ததும் நான்தானுங்க"ன்னார். பதினெட்டு வருஷம் தாங்கியிருக்கே, அந்த டியூப்பைப் பத்தி ஒருத்தராவது ஒரு நல்ல வார்த்தை சொல்வீங்களா?

இப்போது பழைய பைப்புக்கு முழுக்குப் போட்டாகிவிட்டது. பூமிக்குள் எதுவும் இல்லை, புதுப் பைப் சுவருக்குள்ளேயே வருகிறது. குழியை மூடி, தரை போட்டு, வெள்ளையும் அடித்துவிட்டேன். வீடு அப்பளம் மாதிரி காய்ந்து கிடக்கிறது. ஆகையால் தாமதமில்லாமல் உங்கள் தங்கையை முதல் பஸ்ஸில் ஏற்றிவிடவும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, சிரித்தவர்களுக்கு மன்னிப்பு.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: இதில் மட்டும் எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும், இடது கையால் எழுதுகிறேன். அவள் வந்ததும் கண்ணில் படட்டும் என்று எங்கள் கல்யாண போட்டோவை மாட்ட ஒரு ஆணி அடித்தேன். புதுப் பைப் எந்த வழியாகப் போகிறது என்று பிளம்பர் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டியிருந்தார். அதன்மேல்தான் வெள்ளை அடித்திருக்கிறேன். வலது கட்டைவிரல் இப்போது ஆணி இருந்த ஓட்டையில் இருக்கிறது, அதையும் மீறித் தண்ணீர் பீய்ச்சுகிறது. தண்ணீரை நிறுத்தும் வால்வு மொட்டைமாடியில் இருக்கிறது. முதல் பஸ் வேண்டாம். டேங்க்கில் முக்கால்வாசி தண்ணீர் இருக்கிறது, அது தீர்ந்ததும் இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கிறேன்.