ஒலிச்சித்தரும் திக்கிப் பேசிய ஆவிகளும்

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய தகரக் கொட்டகை ஒன்றில் இறந்தவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். உயிரோடு இருந்தவர்கள் டோக்கன் வாங்கிக்கொண்டு வெயிலில் நின்றார்கள்.

கொட்டகையின் நடுவில் ஒரு கணினி. அதற்கு மாலை, மஞ்சள், குங்குமம். பெட்டியின் மேல் ஒரு பென்குயின் படம் ஒட்டியிருந்தது. அது வெளிநாட்டுக் காக்கை, முன்னோர்களின் வாகனம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் பக்தர்கள் அதன் முன்னால் சோற்று உருண்டை வைத்தார்கள். எறும்புகள் கணினிக்குள் குடியேறின. அவையும் முன்னோர்கள்தான் என்று விளக்கம் வந்தது.

கணினிக்குப் பக்கத்தில் புலித்தோல் அச்சடித்த போர்வையில் உட்கார்ந்திருந்தவர் ஒலிச்சித்தர். பூர்வாசிரமத்தில் அவர் பெயர் கோதண்டராமன். கல்யாண வீடுகளுக்கு மைக் செட் வாடகைக்கு விட்டவர். சத்தத்தோடு அவருக்கு இருந்த தொடர்பு அன்றைக்கே தெய்வீகமானது என்று சீடர்கள் பின்னால் கண்டுபிடித்தார்கள்.

முறை எளிமையானது. இந்தக் காலத்தில் யாரும் சும்மா சாவதில்லை. வாட்ஸ்அப்பில் நாலு வாய்ஸ் மெசேஜாவது விட்டுவிட்டுத்தான் சாகிறார்கள். அதைக் கொண்டுவந்து கொடுத்தால் சித்தரின் மருமகன் அறிவுச்செல்வன் கணினியில் ஏற்றுவான். இன்ஜினியரிங் படித்தவன். போனில் தெளிவாகக் கேட்ட குரல் கணினியில் திக்கும், விக்கும், நடுநடுவே அறுந்துபோகும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

"மூச்சு இல்லாதவன் எப்டிங்க முழுசாப் பேசுவான்?" என்பார் சித்தர்.

வேறு கணினியில் போட்டால் திக்குவதில்லையே என்று ஒருவர் கேட்டதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. "மத்ததுல எல்லாம் விண்டோஸ். ஜன்னல். ஆவி ஜன்னல் வழியா ஓடிப்பூடும். இது ஜன்னலே இல்லாத கம்ப்யூட்டர். லினக்ஸ். லிங்கம்தான் வெள்ளைக்காரன் வாயில லினக்ஸ் ஆயிடுச்சு." கேட்டவர் லினக்ஸை விழுந்து கும்பிட்டார்.

திக்கிய குரலுக்குச் சித்தர் பொருள் சொல்வார். போளூர் புகழேந்தியின் அப்பா சாவதற்கு முதல் நாள், "காலைல ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்று மகனுக்குச் சொல்லியிருந்தார். கணினியில் அது "கா... கா... கா..." என்று வந்தது. "கார் கேக்குறாரு" என்றார் சித்தர். புகழேந்தியின் கார் கொட்டகைக்குப் பின்னால் நின்றது. பூக்கட்டி விற்கும் தங்கம்மாளின் செத்துப்போன மகன் மொபெட் கேட்டான். அன்றிலிருந்து தங்கம்மாள் பூக்கூடையைத் தலையில் சுமந்து நடந்தாள். ஆவி கேட்டதைக் கொட்டகையில் விட்டுவிட வேண்டும், ஆவி வந்து எடுத்துக்கொள்ளும் என்பது விதி. ஆவிகள் எல்லாமே சித்தருக்குப் பயன்படும் பொருளாகப் பார்த்துத்தான் கேட்டன. அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

இந்தக் கூட்டத்தில்தான் வேங்கிக்கால் குணமதியும் போய் நின்றாள்.

குணமதி சமணக் குடும்பத்துப் பெண். அவளுடைய சமயத்தில் இறந்த உயிர் உடனே அடுத்த பிறவிக்குப் போய்விடும். இருந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்ப அதற்கு நேரமில்லை. சின்ன வயதிலிருந்து அவள் கேட்டு வளர்ந்தது அதுதான். ஆனால் துக்கம் வந்தவர்களுக்குக் கேட்டு வளர்ந்தது எதுவும் உதவுவதில்லை. கணவன் நேமிநாதன் பேருந்து நிலையத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது அவளுக்காகத்தான் அங்கே காத்திருந்தான். விழுவதற்குச் சற்று முன் அனுப்பிய குரல் அவள் போனில் இருந்தது.

"குணா, மழை வர்ற மாதிரி இருக்கு. வீட்டைப் பூட்டிட்டு வா. நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்."

அதைத் தினமும் கேட்டாள். சமைக்கும்போது, துணி மடிக்கும்போது. அவன் ஏதோ சொல்லாமல் விட்டுவிட்டதாகவே அவளுக்குப் பட்டது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் டோக்கன் வாங்கினாள்.

கணினியில் நேமிநாதன் திக்கினான். "வீ... வீ... வீட்டை... ட்டு... ட்டு வா... வா."

சித்தர் கண்ணைத் திறந்தார். "வீட்டை விட்டு வா. எவ்ளோ தெளிவாச் சொல்றாரு பாருங்கம்மா. அந்த வீடுதான் அவர் உசிரைக் குடிச்சிருக்கு. அடுத்தது உங்களைக் குடிக்கும். வித்துட்டு வெளிய வரச் சொல்றாரு."

நேமிநாதன் கிராமத்து நிலத்தை விற்றுக் கட்டிய வீடு அது. கலெக்டர் ஆபீஸுக்குப் பக்கத்தில், நாளுக்கு நாள் மதிப்பு ஏறும் இடம். அந்த மதிப்பு ஆவிக்குத் தெரியாது. சித்தருக்குத் தெரியும்.

மறு வாரம் சித்தரே குணமதிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். தனக்காக இவ்வளவு அக்கறை எடுத்துக்கொள்கிறாரே என்று அவள் கண்கலங்கினாள். பீரோவிலிருந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்து மஞ்சள் பையில் வைத்தாள்.

எதிர் வீட்டு நசீம் பானு அந்த நேரத்தில் உறைமோர் வாங்க வந்தாள். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். பையைப் பார்த்துக் கேட்டாள். குணமதி எல்லாவற்றையும் சொல்லி, கொட்டகையில் பதிவு செய்துவந்த திக்கலையும் போட்டுக் காட்டினாள்.

நசீம் சிரிக்கவில்லை. அதற்காகவே குணமதிக்கு அவளைப் பிடிக்கும்.

"அக்கா, அந்தப் பென்குயின் லினக்ஸோட சின்னம். எங்க ஸ்கூல் லேப்லயும் விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்தான். பழைய மெஷின். காலைல பிரேயர் பாட்டு போட்டா இதே மாதிரிதான் திக்கும். அதுக்காகக் கடவுள் செத்துட்டாருன்னு யாரும் சொல்லல. செட்டிங்ஸை மாத்தினேன், சரியாப் போச்சு."

"அது வேற, இது வேற நசீம். இந்தக் கம்ப்யூட்டர்ல செத்தவங்க குரல்தான் திக்கும். சாமி சொல்லியிருக்காரு."

"உயிரோட இருக்கறவங்க குரலைப் போட்டா?"

"திக்காதாம்."

"யாராவது போட்டுப் பாத்தாங்களா?"

குணமதி யோசித்தாள். அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒருவரும் போட்டுப் பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை. செத்தவர்கள் குரலைத்தான் எல்லோரும் கொண்டுபோனார்கள். உயிரோடு இருப்பவர்களிடம் நேரிலேயே பேசலாமே.

"போட்டுப் பாக்கலாங்க்கா" என்றாள் நசீம். "திக்கலைன்னா நானே உங்ககூட வந்து பத்திரத்துல சாட்சிக் கையெழுத்துப் போடறேன். யார் குரலைப் போடலாம்?"

குணமதி போனை எடுத்துத் தள்ளிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. அவள் முகம் மாறியதை நசீம் பார்த்தாள்.

"இதைப் போடலாம்" என்றாள் குணமதி.

பௌர்ணமி அன்று காலை கொட்டகை பிதுங்கியது. குணமதி மஞ்சள் பையோடு வந்ததைப் பார்த்ததும் சித்தர் அவளுக்கு முன்வரிசை கொடுத்தார்.

"சாமி, எனக்கு முன்னாடி இவங்களுக்குப் பாத்துடுங்க. எதிர் வீடு. வேண்டப்பட்டவர் ஒருத்தரோட குரல்" என்றாள் குணமதி. நசீம் பென் டிரைவை நீட்டினாள். அறிவுச்செல்வன் வாங்கிச் செருகினான். சித்தர் கண்ணை மூடினார்.

ஒலிபெருக்கி பேசியது. "பத்... பத்... பத்... ம... மரு... மரு... மரு... ஆவி... வி... வி..."

தன் குரலையே பதிவில் கேட்டால் யாருக்குமே வேறு யாரோ பேசுவது போலத்தான் இருக்கும். திக்கினால் கேட்கவே வேண்டாம். சித்தரின் நெற்றி சுருங்கியது.

"மருந்து கேக்குறாரு. மருந்து கெடைக்காம செத்தவரு."

"எப்ப செத்தாருங்க?" என்று நசீம் பணிவாகக் கேட்டாள்.

"வருசக்கணக்காச்சு. ரொம்பத் தவிக்குது இந்த ஆத்மா. உசிரோட இருந்தப்ப ஊரை ஏமாத்தித் தின்னுருக்கு. பாவம் ஜாஸ்தி. பரிகாரமும் ஜாஸ்தியாத்தான் ஆவும்."

கூட்டம் உச்சுக்கொட்டியது. இப்படிப்பட்ட ஆளுக்குப் பரிகாரம் எதற்கு என்று பின்னாலிருந்து ஒருவர் முணுமுணுத்தார்.

குணமதி எழுந்தாள். சித்தருக்கு முன்னால் இருந்த மைக்கில் தன் போனை வைத்து, அதே மெசேஜை அழுத்தினாள். போனில் அது திக்கவில்லை.

"அம்மா, பத்திரத்தை எடுத்துக்கினு பௌர்ணமிக்கு வந்துடுங்க. மருமகன் பேருக்கே எழுதிடலாம். வெளிய யாருக்கும் சொல்லாதீங்க. விலையை ஆவியே சொல்லும்."

கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்த குரல். தினமும் அந்த மைக்கில்தான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பேசியது தங்கம்மாள். "இன்னா சாமி, நீ எப்ப செத்த?"

சித்தர் லேசுப்பட்டவர் இல்லை. "சித்தன் உசிரோட இருக்கறப்பவே செத்தவம்மா. அதான் எங் குரலும் திக்குது" என்றார். சிலர் மறுபடியும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பதில் எதுவாக இருந்தாலும் கும்பிடுவது என்று முடிவெடுத்துத்தான் அவர்கள் வந்திருந்தார்கள்.

"அப்ப என் குரலைப் போடுங்க" என்றாள் குணமதி. அங்கேயே போனில் பேசிப் பதிவு செய்தாள். "நான் குணமதி. நான் உயிரோடதான் இருக்கேன்." நசீம் அதைப் பென் டிரைவில் மாற்றிக் கொடுத்தாள். அறிவுச்செல்வன் மாமனாரைப் பார்த்தான். மாமனார் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் கணினியைப் பார்த்தது. வேறு வழியில்லை.

"நா... நா... நா... குண... குண... உயி... யி... யி..."

வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் கணக்குப்படி கொட்டகையில் உயிரோடு இருப்பது எறும்புகள் மட்டும்தான்.

"கொஞ்சம் நவுருங்க" என்று நசீம் அறிவுச்செல்வனிடம் சொன்னாள். சித்தர் எழுந்து, வேற்று ஆள் கை பட்டால் முன்னோர் சாபம் வரும் என்றார். தங்கம்மாள் பூக்கூடையை இறக்கி அவர் வழியில் வைத்தாள். "வரட்டும் உடு. எம் புள்ளை சாபம் இன்னான்னு நான் பாத்துக்கறேன்."

நசீம் விசைப்பலகையில் எதையோ தட்டினாள். கணினியில் அப்போது ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் எல்லாம் திரையில் வரிசையாக வந்தன. முதல் இடத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டுக் குணமதியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இதுல ஆவி இருக்கறது உண்மைதான்."

கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

"பேரே ஆவின்னுதான் வெச்சிருக்காங்க. இது ஒரு புரோகிராம். ஒரு வேலையும் செய்யாது. சும்மா கணக்குப் போட்டுப் போட்டு அழிச்சிக்கிட்டே இருக்கும். கம்ப்யூட்டர் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஸ்பீக்கருக்கு அனுப்பும். இது மெஷின் பலத்தை மொத்தமா உறிஞ்சிடுது. அதனால அடுத்த துண்டுச் சத்தம் நேரத்துக்கு வர்றதில்ல. அந்த இடைவெளிதான் திக்கு."

"அதை என்ன பண்றது?" என்றாள் குணமதி.

"கொன்னுடலாம். லினக்ஸ்ல அந்தக் கட்டளைக்குப் பேரே கில்தான்." தட்டினாள். பட்டியலில் இருந்து ஆவி போனது. எலுமிச்சம்பழம் இல்லை, வேப்பிலை இல்லை. "இப்ப நேமி அண்ணன் குரலைப் போடறேன்."

ஒலிபெருக்கியில் நேமிநாதன் பேசினான். தடங்கல் இல்லாமல், கொஞ்சம் அவசரமாக, பின்னால் பேருந்துகளின் ஹாரன் சத்தத்தோடு. மழை வரும்போல இருக்கிறது என்றான். வீட்டைப் பூட்டிவிட்டு வரச் சொன்னான். பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன் என்றான். அவ்வளவுதான். அதற்குள் ஒளிந்திருந்தது எதுவும் இல்லை. மழை பிடிப்பதற்குள் மனைவி வந்துவிட வேண்டுமே என்று கவலைப்பட்ட ஒரு சாதாரண மனிதன். குணமதி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவன் செத்துப்போனது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. அவன் தன்மேல் எந்தக் குறையோடும் போகவில்லை என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது.

அறிவுச்செல்வன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆரம்பத்துல மெஷின் தானாத்தான் திக்கிச்சு. பழசு இல்லியா, அதான். மாமா அதைப் பாத்துட்டுத்தான் இதை ஆரம்பிச்சாரு. அப்புறம் ஒரு அப்டேட் வந்துச்சு, தானாச் சரியாப் போச்சு. ஆவி தெளிவாப் பேச ஆரம்பிச்சதும் கூட்டம் கம்மி ஆயிடுச்சு. அதான் மறுபடி திக்க வைக்க இந்தப் புரோகிராமை என்னை எழுதச் சொன்னாரு."

சித்தர் அதற்குள் கொட்டகையின் பின்பக்கம் போயிருந்தார். ஆவிக்கென்று விட்ட காரில் ஏறி உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் இருந்த புகழேந்தி அதற்கு முன்பே சாவியை உருவிக் கையில் வைத்திருந்தார். கிரிவலக் கூட்டத்துக்குக் காவல் வந்திருந்த போலீஸ்காரர் ஒருவர் கதவைத் திறந்து, "எறங்குங்க சாமி, ஸ்டேஷன்ல போயி முழுசாப் பேசலாம்" என்றார். சித்தருக்கு வாய் திக்கியது. அதற்கு யாரும் பொருள் சொல்லவில்லை. தங்கம்மாள் மொபெட்டின் சீட்டில் இருந்த தூசியைத் தட்டிவிட்டு, உருட்டிக்கொண்டே கிளம்பினாள்.

குணமதியும் நசீமும் ஆட்டோவுக்காகச் சாலைக்கு வந்தார்கள். பின்னாலேயே ஒரு ஆள் ஓடிவந்தார். செங்கம் பக்கம், விவசாயம் என்றார். நசீமின் காலைத் தொடப் போனார். அவள் பதறி விலகினாள்.

"அம்மா, ஆவியையே கொன்னுட்டீங்க. எங்க வூட்லயும் ஒண்ணு இருக்குதுன்னு சொல்றாங்க. நீங்க வந்து ஒரு கில் போட்டுட்டுப் போவணும்."

நசீம் பொறுமையாகச் சொன்னாள். "அதுக்கு நான் எதுக்குங்க? உங்ககிட்ட யாராவது ஒண்ணு சொன்னா, அது நெஜமான்னு நீங்களே ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க. உக்காந்து யோசிங்க. போதும்."

அவர் பயபக்தியோடு தலையாட்டினார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எந்த நாள்ல யோசிச்சா நல்லதுங்க?"

பதில் சொன்னது குணமதிதான்.

"இன்னைக்கே ஆரம்பிங்க. யோசிக்கறதுக்கு ராகுகாலம் கெடையாது. யோசிக்காம இருக்கறவங்களுக்குத்தான் எல்லா நேரமும் ராகுகாலம்."