தலையை மட்டும் ஆட்டுங்க

பரிமல் சான்யாலுக்கு ஊசி போட்டு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் அவர் சட்டைப்பையில் செல்போன் அலறியது.

"எடுக்காதீங்க தாதா! ஒரு மணி நேரம் வாயே திறக்கக் கூடாது!" என்று ஓடிவந்தான் ஸ்கேன் டெக்னீஷியன் சௌமிக். வயதில் பெரியவர்கள் எல்லாரும் அவனுக்கு தாதா, அதாவது அண்ணன்; அவர்கள் மனைவிமார் பௌதி, அதாவது அண்ணி.

ஏற்றியிருந்தது கதிர்வீச்சு கலந்த சர்க்கரை. புற்றுக்கட்டி சர்க்கரைக்கு அலையும். வாரித் தின்றுவிட்டு, படத்தில் பளிச்சென்று மாட்டிக்கொள்ளும். ஆனால் பேசினால் தொண்டைத் தசையும் பங்குக்கு வந்துவிடும், நடந்தால் கால் தசை வரும். அதனால்தான் சும்மா கிடக்கச் சொல்கிறார்கள். பரிமலின் கழுத்துக் கட்டிகளுக்கு ஆறு தடவை கீமோ ஆகிவிட்டது. கட்டிகள் செத்தனவா, இல்லை இன்னும் ஆறு தடவையா என்பதை இன்றைய படம்தான் சொல்ல வேண்டும்.

போன் மறுபடி அலறியது.

"கேயா" என்றார் பரிமல், நடுங்கிக்கொண்டே. மனைவி. வெளியே வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தாள்.

சௌமிக் போனைப் பிடுங்கி அணைத்தான். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தான். கல்யாணம் ஆகாதவன், அவனுக்கு என்ன தெரியும்?

இரண்டே நிமிடத்தில் கதவு அதிர்ந்தது.

"என் வீட்டுக்காரரை என்ன பண்ணினீங்க? போனை எடுக்காம இருக்கிற ஆளே இல்லியே அவரு!"

"பௌதி, உள்ள விட முடியாது. அவர் உடம்பிலேருந்து கதிர் வருது."

"நாற்பது வருஷமா பக்கத்துல இருக்கேன், ஒரு அனல்கூட வந்ததில்ல. இன்னிக்குக் கதிர் வருதாமே!"

வராந்தாவில் கூட்டம் கூடிவிட்டது. வேறு வழியில்லாமல் அவளைத் தன் அறைக்கு அழைத்துப்போய் கேமராத் திரையைக் காட்டினான். பழைய கேமரா, படம் மங்கல். குரங்குக் குல்லாவும் கழுத்துவரை கம்பளியுமாக ஒரு மூட்டை தெரிந்தது. மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தது.

மேஜைமேல் நோயாளியோடு பேசுகிற மைக் இருப்பதை சௌமிக் மறந்துவிட்டான். கேயாவின் கண்ணில் முதலில் பட்டதே அதுதான்.

"ஏங்க, கேக்குதா?"

மூட்டை துள்ளி விழுந்தது. "கேக்குது கே..."

"பேசாதீங்க தாதா!" என்று கத்தினான் சௌமிக். "பதில் சொல்லியே ஆகணும்னா தலையை மட்டும் ஆட்டுங்க!"

கேயா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். வாய் கட்டிய புருஷன், கையில் மைக், ஒரு மணி நேரம். சும்மா விடுவாளா?

"என் தம்பி போம்போல் குளிர் முடியற வரைக்கும் நம்ம வீட்டுலயே இருக்கட்டுமே?"

குல்லா அசைந்தது.

"பூரி கோயிலுக்குப் போறப்ப அவன் குடும்பத்தையும் கூட்டிட்டுப் போலாம்ல?"

அசைந்தது.

"உங்க தூண்டில் பத்தும் இடத்தை அடைக்குது. தூக்கிப் போட்டுடலாமா?"

குல்லா படுவேகமாக அசைந்தது.

"பாத்தியா தம்பி? வீட்டுல இதே பேச்சை எடுத்தா சண்டைக்கு வருவாரு. நோய் வந்து மனுஷன் தங்கமாயிட்டாரு."

கடைசி நிமிடம்வரை கேள்விக்குப் பஞ்சமில்லை. வாய் மூடியிருக்கிறதே, அது போதும் என்று சௌமிக் நிம்மதியாக டீ குடித்தான்.

ஸ்கேன் எடுத்து முதல் படம் வந்தபோது, சௌமிக் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். கழுத்தின் இரண்டு பக்கமும் விளக்கேற்றி வைத்ததுபோல் எரிந்தது.

அவன் முகத்தைப் பார்த்தே கேயாவுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"திரும்ப வந்துடுச்சா தம்பி?"

சௌமிக் டாக்டரைக் கூப்பிட ஓடினான்.

டாக்டர் ஷர்மிஷ்டா வந்து படத்தை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்த்தார்.

"கட்டி இருந்த இடமெல்லாம் இருட்டாத்தானே இருக்கு! நோய் போயாச்சு. எரியறது வெறும் தசை."

கேயா அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"ஆனா சௌமிக், இது தலையை இடமும் வலமும் திருப்பற தசையாச்சே. ஊசியைப் போட்டுட்டு டென்னிஸ் பாக்க விட்டியா?"

"இல்ல மேடம், அவர் படுத்த இடத்தை விட்டு அசையல..."

"ஒண்ணையும் பாக்கல டாக்டர்" என்றாள் கேயா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நான் கேட்டதுக்கெல்லாம் சரி சரின்னு தலையாட்டிக்கிட்டு இருந்தாரு, பாவம்."

தரை துடைத்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி ஆயா லொக்கி மாசி நிமிர்ந்தாள்.

"சரின்னா மேலயும் கீழயும்ல ஆட்டணும், பௌதி!"