மனுக்கள் நிற்காமல் ஓடிய பைப்

மனுக்கள் மேசைக்கு மேசை தேங்குவதை இனியும் பொறுப்பதில்லை என்று மேலிடம் தீர்மானித்தது. வாசலில் பதிவாகும் மனு, கம்ப்யூட்டருக்குள் ஒரு பைப் வழியாக நேரே பெரிய அதிகாரியின் பிரிவுக்குப் போய்விட வேண்டும். காகித மனு கூடவே கூடாது. பைப்பை உண்டாக்குவது, ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்காரருக்கு ஒரே ஒரு வரி தட்டும் வேலை. அதற்குப் பெயர் சூட்டுவது ஐவர் குழுவுக்கு மூன்று மாத வேலை.

சிஸ்டம்காரரின் மனைவிக்கு அதே துறையில், நாலு வருஷமாக வேறு ஊரில் உத்தியோகம். அவளுக்கு மாற்றல் கேட்கும் மனுவைத்தான் அவர் முதல் ஆளாகப் பைப்பில் போட்டார். அது அசையவில்லை. பின்னால் வந்த நாற்பது மனுக்களும் அப்படியே நின்றன.

பைப்பின் பெயரைச் சரிபார்த்தார், அதில் மனுப் போட அனுமதி இருக்கிறதா என்று பார்த்தார். பைப் ஒரு பாவமும் அறியாதது. மறுமுனையைப் படிப்பதற்கென்று யாராவது திறந்தால்தான் இந்த முனையில் மனுவை உள்ளே விடும். அந்த முனையோ பெரிய அதிகாரியின் பிரிவில் இருந்தது. அவரிடமே போய் நின்றார்.

"சார், நீங்க திறந்தாதான் மனு வரும்."

"வரட்டும், திறக்கிறேன்."

"திறக்காம வராது சார்."

"வராத மனுவுக்கு எதுக்குய்யா திறக்கணும்? மேல கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

இந்த ஞானத்தை வாங்கிக்கொண்டு சிஸ்டம்காரர் தன் இடத்துக்குத் திரும்பினார். மறுவாரம் ஆய்வுக்குழு வருகிறது என்றதும் பெரிய அதிகாரியிடமிருந்து ஆணை பிறந்தது: 'மேற்படி பைப்பின் மறுமுனை, எந்த அலுவலருக்கும் படிக்கும் சிரமம் நேராவண்ணம் உடனடியாகத் திறந்து வைக்கப்படல் வேண்டும்.'

சிஸ்டம்காரருக்குப் புரிந்தது. வருவதையெல்லாம் வாங்கி அப்படியே தொலைத்துவிடும் ஒரு சின்ன புரோகிராமை மறுமுனையில் உட்கார வைத்தார். அதற்கு முன், தன் மனுவை மட்டும் சத்தமில்லாமல் வெளியே எடுத்துக்கொண்டார். நாற்பது மனுக்களும் ஒரே மூச்சில் ஓடி மறைந்தன. அவருக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. சாயங்காலத்துக்குள் அதுவும் சரியாகிவிட்டது.

நிலுவை பூஜ்யம் கண்டு ஆய்வுக்குழு மெய்சிலிர்த்தது. பெரிய அதிகாரிக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. அந்தச் சூட்டோடு சிஸ்டம்காரர் தன் மனுவைக் காகிதத்தில் நீட்டினார். அதிகாரி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"காகிதத்துல வாங்கக் கூடாதேய்யா. பைப்புலயே போடுங்க. உங்க புண்ணியத்துல இப்ப ஜோராத்தானே ஓடுது?"

அவர் எதிரிலேயே போட வேண்டியதாயிற்று. மனு கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. சாயங்காலம் மனைவி போன் செய்தாள்.

"இந்தத் தடவையாவது மனு போச்சாங்க?"

"போயிடுச்சு," என்றார்.