பாத்திர மெஷினுக்குப் போட்ட பட்டு முடிச்சு

வெளிநாட்டுச் சாமான் ஒன்று வீட்டுக்குள் நுழைந்துவிட்டால், அதைப் பற்றி எல்லாம் தெரிந்த மாதிரி யாராவது ஒருத்தர் நடித்தே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேஷம் எனக்கு. குவைத்தில் வேலை பார்த்த என் அண்ணன் பாத்திரம் கழுவும் மெஷினைக் கொண்டுவந்து இறக்கியது என் பேரில்தானே. எண்பதுகளில் ஆரணியில் துணி துவைக்கிற மெஷினையே பார்த்தவர்கள் குறைவு. தெருவே திரண்டு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மெஷினுக்குள் அடியில், சல்லடைக்குப் பக்கத்தில், கவிழ்த்த டம்ளர் மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி லொடலொடவென்று ஆடியது. (கப்பல்ல வந்த குலுக்கல்ல கழண்டுகினு இருக்கும்னு நானே முடிவு பண்ணிட்டேன்.) பட்டு நெசவு செய்கிற எங்கள் வீட்டில் ஆடுகிற எதையும் பட்டு நூலால் கட்டிவிடுவார்கள், மாமனாரின் மூக்குக் கண்ணாடி உட்பட. தறியில் அறுந்த இழையைச் சேர்க்கிற முடிச்சை நாத்தனார் வசந்தா எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள். இழுக்க இழுக்க இறுகும். அதில் இரண்டைப் போட்டு மூடியைச் சல்லடையோடு சேர்த்துக் கட்டினேன். மூடி அப்புறம் அசையவே இல்லை. என்னைப் போல ஒரு கெட்டிக்காரி உண்டா என்று பூரித்துப் போனேன்.

மறுநாள் காலை சாம்பார்க் குண்டான் முதல் டம்ளர் வரை அடுக்கிப் பொத்தானை அமுக்கினேன். பக்கத்து அறையில், தறிக்குக் கீழே வெட்டிய குழியில் கால்களைத் தொங்கவிட்டு மாமனார் நெய்துகொண்டிருந்தார். தறியில் இருந்தது வசந்தாவின் முகூர்த்தப் புடவை. அடுத்த வாரம் கல்யாணம். நனைந்து சாயம் ஓடினால் இன்னொன்று நெய்ய நேரமே கிடையாது.

மெஷினுக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. கதவடியில் கசிந்தது, பிறகு வழிந்தது. பாத்திரம் அதிகம் என்று என் கணவர் பாதியை வெளியே எடுத்து வைத்தார். ஆரணித் தண்ணீரின் வேகம் குவைத் மெஷினுக்குப் பழகவில்லை என்று நான் விளக்கம் கொடுத்தேன். (வாயி மட்டும் இல்லன்னா என்னை நாய் தூக்கிகினு போயிருக்கும்.) அவர் சுவிட்சை அணைத்தார், தண்ணீர் நின்றது. போட்டார், மறுபடி கொட்டியது. இப்படியே போட்டு அணைத்துப் போட்டு அணைத்து நாங்கள் ஆராய்ச்சி செய்ததில் தண்ணீர் தறி அறை வாசற்படி தாண்டியதைக் கவனிக்கவில்லை.

தறி அறையிலிருந்து மாமனாரின் நிதானமான குரல் வந்தது.

“ஏம்மா, குழியில கால் நனைஞ்சுகினு கீது. கெணறு ஏதாவது வெட்டறீங்களா?”

ஓடினோம். குழிக்குள் தண்ணீர் அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. வசந்தா புடவையையே பார்த்துக்கொண்டு உதடு துடிக்க நின்றாள். கழுவாத குண்டான்களைத் தூக்கிவந்து நானும் அவளும் இறைத்தோம், இறைத்தோம், அப்படி இறைத்தோம். கணவர் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து கோணிகளால் வாசற்படியை அடைத்தார். மாமனார் சட்டென்று வேட்டியை அவிழ்த்து, இறைக்கிற தண்ணீர் தெறிக்காமல் புடவைமேல் போர்த்திவிட்டு, பட்டாபட்டி டிராயரோடு காவல் உட்கார்ந்தார். (மருமவ எந்தப் பக்கம் பாக்கறது சொல்லுங்க.)

புடவைமேல் ஒரு சொட்டு படவில்லை. சந்தோஷத்தில் நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் கணவர் மெஷினுக்குள் கையை விட்டு முடிச்சைக் கண்டுபிடித்தார். அவிழ்க்க முடியாமல் பிளேடால் அறுத்தார். மூடி துள்ளி மேலே வந்தது. தண்ணீர் ஏறும்போது அதுவும் ஏறி, போதும் என்று தண்ணீரை நிறுத்த வேண்டியது. அதைத்தான் நான் கட்டிப்போட்டிருந்தேன். அறுந்த நூலைப் பார்த்ததும் வசந்தாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கல்யாணத்தன்று அதே புடவையில் மணையில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டார். மற்ற இரண்டைப் போட அவர் தங்கை குனிந்தாள். நாலு பேர் நடுவில் வாயே திறக்காத என் மாமனார் திறந்தார்.

“கொஞ்சம் இரும்மா. கெட்டியா வேணும்னா எங்க மருமவள கூப்புடு. அது போட்டா பிளேடு வெச்சாத்தான் அவுரும்.”

மண்டபமே சிரித்தது. இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும், தாலி ஏறுகிற நேரத்தில் பாதிப் பேர் பொண்ணு மாப்பிள்ளையை விட்டுவிட்டு என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். நானும் கல்யாணப் பெண்ணைப் போலத் தலையைக் குனிந்துகொள்கிறேன்.